நேற்றைய ஃபைலுக்கு இன்றைய தேதி

அன்புள்ள சார்,

எங்கள் டீமின் சி++ புராஜெக்ட் கிட் (கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) ரெப்போவில் இருக்கிறது. தினமும் காலையில் பில்ட் சர்வரில் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக கிளோன் செய்கிறோம், அதாவது முழு நகல் எடுக்கிறோம். அதை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் டெஸ்ட் மெஷினுக்கு அனுப்பி, அங்கே மாறியதை மட்டும் கம்பைல் செய்ய வேண்டிய மேக் கருவியை ஓட்டுகிறோம். 2019-க்குப் பிறகு யாரும் தொடாத ஃபைலுக்குக்கூட இன்றைய தேதி விழுகிறது. மேக் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் கடைசி கமிட் (கிட்டில் பதிவு செய்த மாற்றம்) தேதியை எடுத்து, ஃபைலின் நேரத்தை மாற்றும் டச் கட்டளையால் திருத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். போடலாமா? இன்னொரு சந்தேகம். லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் கொண்டுபோனால், சர்வரில் எல்லா ஃபைலும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கின்றன. ஏன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஸ்கிரிப்டைப் போடாதீர்கள். இப்போது உங்களுக்கு நேரம்தான் வீணாகிறது. அதைப் போட்டால் பில்டே தப்பாக வரும்.

கிட் ஃபைலின் உள்ளடக்கத்தையும் பெயரையும் வைத்துக்கொள்ளும், இயக்கும் அனுமதி உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளும். ஃபைல் எப்போது மாறியது என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. கமிட்டுக்குத்தான் தேதி உண்டு. ஆகவே கிளோன் செய்யும்போது டிஸ்க்கில் எழுதிய நேரமே ஃபைலின் நேரமாகிறது. இதைக் குறை என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

காரணம் மேக். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய அந்தக் கருவி ஃபைலைத் திறந்து பார்க்காது. கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் ஃபைலைவிட, நாம் எழுதிய சோர்ஸ் ஃபைல் புதியதா என்று மட்டும் கேட்கும். இப்போது உங்கள் ஸ்கிரிப்ட் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சகா திங்கட்கிழமை தன் லேப்டாப்பில் ஒரு கமிட் போடுகிறார், ஆனால் டீமின் ரெப்போவுக்கு அனுப்பவில்லை, அதாவது புஷ் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை நீங்கள் பில்ட் எடுக்கிறீர்கள். புதன்கிழமை அவர் புஷ் செய்கிறார். உங்களிடம் வந்து சேரும் புதிய கோடுக்கு உங்கள் ஸ்கிரிப்ட் திங்கட்கிழமைத் தேதி போடும். ஆப்ஜெக்ட் ஃபைல் செவ்வாய்க்கிழமையுடையது. மேக் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். சரிசெய்த பிழை அப்படியே இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. பழைய பிரான்ச்சுக்கு மாறினாலும் இதே கதைதான். (கடைசி கமிட்டை மட்டும் கொண்டுவரும் ஆழமில்லாத கிளோன் எடுத்தால் ஸ்கிரிப்டுக்கு அந்த அளவு வேலைகூட இல்லை: வரலாற்றில் ஒரே கமிட்தான் இருக்கும், எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி.)

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், தினமும் கிளோன் செய்வதை நிறுத்துங்கள். ஃபோல்டரை அப்படியே வைத்து, புதிய கமிட்களை ஃபெட்ச் செய்து, ஃபோல்டரை அவற்றுக்கு ஒத்ததாக்கும் ஹார்டு ரீசெட் கொடுங்கள். உண்மையில் மாறிய ஃபைல்களை மட்டுமே கிட் எழுதும், மற்றதைத் தொடாது.

அடுத்தது ஆர்சிங்க். அது வழக்கமாக அளவையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடும். செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஆப்ஷன் கொடுத்தால் உள்ளடக்கத்தை ஒப்பிடும், அது பலருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: எல்லாரும் பழக்கத்தில் போடும் 'ஏ' (-a) ஆப்ஷனுக்குள் நேரத்தைக் காப்பாற்றும் 'டி'-யும் (-t) அடக்கம். செக்சம் ஒத்துப்போய் ஃபைலையே அனுப்பாவிட்டாலும், அனுப்பும் பக்கத்து நேரத்தை அந்தப் பக்கம் எழுதிவிடும். மேக் மறுபடி ஏமாறும். 'செக்சம்' ஆப்ஷனோடு 'நோ டைம்ஸ்' ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுங்கள். மாறாத ஃபைல் பழைய நேரத்தோடு இருக்கும், மாறியது வந்திறங்கிய நேரத்தைப் பெறும். மேக்குக்கு வேண்டியது அதுதான். செக்சம் கணக்கிட இரண்டு பக்கமும் எல்லா ஃபைலையும் படிக்க வேண்டும், கொஞ்சம் மெதுவாகும். கம்பைல் நேரத்தோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

தினமும் புது கிளோன்தான் வேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால் கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சிகேஷ் (ccache) கருவியை நிறுவுங்கள். அது தேதியை நம்பாமல் உள்ளடக்கத்தின் ஹாஷை (செக்சம் போன்ற எண்) வைத்துப் பழைய முடிவை எடுத்துக் கொடுக்கும்.

பென் டிரைவ் விஷயம் வேறு. அது ஃபேட் (FAT) என்ற ஃபைல் சிஸ்டம் வடிவத்தில் இருக்கும். ஃபேட் உள்ளூர் நேரத்தை எழுதும், எந்த ஊர் நேரம் என்று எழுதாது. இந்திய நேரத்தில் இருக்கும் லேப்டாப் மாலை 3.30 என்று எழுதுகிறது. யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும் சர்வர் அதை யுடிசி 3.30 என்று படிக்கிறது, அதாவது நமக்கு இரவு 9 மணி. இரண்டு லினக்ஸ் மெஷினிலும் டைம்ஸோன் யுடிசி என்று சொல்லி பென் டிரைவை மவுன்ட் செய்தால் (இணைத்தால்) இது தீரும். ஃபேட்டில் நேரம் 2 விநாடிப் படிகளில்தான் பதிவாகும், ஆகவே ஆர்சிங்க்கில், எத்தனை விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மாடிஃபை விண்டோவை 1 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் லினக்ஸ்தான் என்றால் இத்தனையும் எதற்கு? பென் டிரைவை லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்துவிடுங்கள்.