யாரோ ஒரு பாடகர் இறந்ததற்கு நான் ஏன் அழுதேன்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 42. பெரம்பூரில், லூர்து மாதா கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. பாரிமுனைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் ஒன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பெரிய கஷ்டம் என்று எதுவும் கிடையாது. அதனாலேயே இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

எனக்கு ராக் பாட்டு, டிவி, நீச்சல் மூன்றும் உயிர்.

என் அப்பா ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். நாங்கள் குடியிருந்த தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. எதிர் வீட்டு அங்கிள் ரயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அந்த வீட்டில் மஞ்சள் சோறு, கோலா உருண்டைக் குழம்பு. ஜன்னலைத் திறந்துவைத்துப் பாட்டு போடுவார். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், பிளாக் சபாத். அர்த்தம் ஒன்றும் புரியாது. ஆனால் அந்த கிடார் சத்தம் வந்ததும் நான் வாசல்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் பத்தாவது படிக்கும்போது அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார் அங்கிள். இன்றைக்கும் லோக்கல் டிரெயினில் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் காதில் அந்தப் பாட்டுகள்தான்.

சாயங்காலம் அத்தையோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பேன். அதை நான் மனசார ரசித்துத்தான் பார்க்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு இங்கிலீஷ் துப்பறியும் தொடர்கள். ஒரு மணி, சில நாள் இரண்டு மணிகூட ஆகிவிடும். நீச்சல் சில வருஷத்துக்கு முன்னால் வந்தது. முட்டி வலிக்காக டாக்டர் சொன்னார் என்று போனேன். இப்போது வலி இல்லை, ஆனால் விட மனசு வரவில்லை. விடியற்காலையில் பெண்களுக்கென்று ஒரு பேட்ச். முழுக்கை நீச்சலுடை போட்டுக்கொண்டு இறங்கினால் என்னை யாரும் கூப்பிட முடியாது.

2025 ஜூலை 23 காலையில் அடுப்பில் இட்லிப் பானை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். பிளாக் சபாத் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துவிட்டார் என்று செய்தி. அங்கேயே நின்று அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். வீட்டில் எல்லோரும் பயந்து ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கணவர், “யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்கா? நான் ஊர்ல இருந்து போன் வந்துச்சோன்னு பதறிட்டேன்” என்று சிரித்தார். அன்றைக்கு வந்த நாத்தனார், “இன்னா அண்ணி, வயசுப் பொண்ணை வெச்சிக்கினு பேய்ப் பாட்டு கேட்டுக்கினு அழுவுறீங்க” என்றாள். மகள் அதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள், “மம்மி, என் ஃப்ரெண்ட்ஸ் வரும்போது மட்டும் அதை வைக்காத.”

என்னை உறுத்துவது வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அவருக்கு நடுக்குவாதம். கடைசியில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அவர் போன அன்று எனக்கு இப்படி அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி, ஐஸ் பெட்டி, மாலை, இடுகாட்டுக்கு வண்டி என்று ஓடிக்கொண்டிருந்தேன். பெற்ற அப்பாவுக்கு அழாதவள் முன்பின் தெரியாத பாடகருக்கு அழுதால் அது என்ன மனசு? இதெல்லாம் ஒரு அடிமைத்தனமா? மகளின் பிளஸ் டூ முடியும்வரை நீச்சலையாவது நிறுத்து என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அழுகையில் நோய் என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார்கள்! அவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் பார்த்திருப்பார்கள்? அதை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் தெருவே சேர்ந்து அழுதது. நீங்கள் அழுதபோது பக்கத்தில் கூட அழ ஆளில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஒத்துக்கொள்ளாத துக்கம் ஆறுவதற்குக் கூடுதல் நாளாகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989லேயே எழுதியிருக்கிறார். வளர்த்த நாய் செத்தவர்கள், பிரிந்துபோன பழைய கணவனைப் பறிகொடுத்தவர்கள், கரு கலைந்தவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். துக்கத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டியிருப்பதுதான் இவர்கள் பாடு.

‘யாரோ ஒரு வெள்ளைக்காரன்’ என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், அந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று உங்கள் வீட்டார் அறிந்தால் நல்லது. ஆஸி ஆஸ்போர்ன் வளர்ந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில். பாடகர் ஆவதற்கு முன்பு இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். கார் ஹாரன்களைச் சரிபார்க்கும் வேலையும் பார்த்திருக்கிறார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி தகரப் பட்டறைத் தொழிலாளி. 17 வயதில், வேலையை விட்டு நிற்கவேண்டிய கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்தவேண்டியது அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். அந்தக் கனத்த, இறங்கிய சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. 1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் இப்படி உருவான கையிலிருந்து வந்தது. கேரேஜ் ஒர்க்ஸ் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்த ஃபிட்டர் மகளுக்கு அது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்கள் கணவரும் துறைமுகத்தில் உழைக்கிறவர். இந்தக் கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆஸி தனக்கு நடுக்குவாதம் இருப்பதை 2020 ஜனவரியில் வெளியே சொன்னார். 2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த ஊரிலேயே, நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடி கடைசியாகப் பாடினார். பதினேழு நாளில் மறைந்தார். இதைப் படிக்கும் யாரும், ‘நீங்கள் உண்மையில் அப்பாவுக்காகத்தான் அழுதீர்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் அதில் கலந்திருக்கலாம். காபியும் மாலையும் வண்டியும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அன்று அழ நேரம் இருக்கவில்லை. நம் வீடுகளில் சாவன்று பெண்களுக்கு இருக்கும் வேலை எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் ஆஸிக்காகவும் அழுதீர்கள். வாசல்படியில் உட்கார்ந்த சிறுமியோடு இத்தனை வருஷம் கூடவே வந்த குரல் அது. அந்த அழுகைக்கு இன்னொரு கௌரவமான காரணத்தைத் தேடிப் பிடித்துப் போர்த்தவேண்டிய அவசியமில்லை. அப்பாவுக்கு அழவேண்டும் என்று தோன்றினால் அதற்கும் தடையில்லை, மூன்று வருஷம் கழிந்துவிட்டது என்று யாரும் கதவை மூடிவிடவில்லை.

ராக் பாட்டு கோபத்தை வளர்க்கும் என்ற பயம் உங்கள் நாத்தனாருக்கு மட்டும் உள்ளதல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கடும் இசையை ரசிக்கும் 39 பேரைக் கோபமூட்டும் நினைவுகளைப் பேசவைத்து, பிறகு பாதிப் பேரைத் தங்கள் பாட்டைக் கேட்கவிட்டார்கள், மீதிப் பேரைச் சும்மா உட்காரவைத்தார்கள். பாட்டு கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை. சும்மா இருந்தவர்களைப் போலவே தணிந்தது, கூடவே உற்சாகமும் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நெரிசல் மிகுந்த ரயிலில், நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு, வீட்டு வேலை காத்திருக்கும் வீட்டை நோக்கி வரும் உங்களுக்கு அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்பது இதிலிருந்து புரிகிறது. ரயில் இரைச்சலை மீறக் கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

அடிமைத்தனமா என்று கேட்டீர்கள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வாலராண்டும் அவருடைய குழுவினரும் 2003இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, நாம் விரும்பிச் செய்வது, வாழ்க்கையின் மற்றக் காரியங்களோடு ஒத்துப்போவது, தேவைப்பட்டால் தள்ளிவைக்க முடிவது. மற்றொன்று, செய்யாவிட்டால் இருப்புக்கொள்ளாமல் நம்மை இழுத்துக்கொண்டு போவது. நீச்சலையும் ராக்கையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் குளம் மூடியிருந்தால் உங்களுக்கு வருத்தம் இருக்கும், நாள் கெட்டுப்போகாது என்றுதான் உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அத்தையோடு பார்க்கும் சீரியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே வில்லியை ஒன்றாகத் திட்டும் வீட்டில் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

என் கவனம் போய் நிற்பது அந்த இரவு இரண்டு மணியில். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். விடியற்காலையில் குளத்துக்குப் போகிறவர் இரண்டு மணிக்குப் படுத்தால் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? துப்பறியும் தொடர் அவ்வளவு சுவாரஸ்யம் என்பதற்காக மட்டும் நீங்கள் விழித்திருப்பதாக நான் நினைக்கவில்லை. நீச்சலைப் பற்றி எழுதும்போது, “என்னை யாரும் கூப்பிட முடியாது” என்றீர்கள். இரவிலும் அப்படித்தான். வேலைக்குப் போய், வீட்டையும் நடத்தும் பெண்கள் பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பகலில் தனக்கென்று கிடைக்காத நேரத்தைத் தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். உடம்பு அந்தக் கடனைச் சும்மா விடுவதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தவர்களுக்கு அழுகையும் எரிச்சலும் சீக்கிரம் பொங்கும்.

அதனால் ராத்திரித் தொடரைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பாத்திரம், காபி, மகளின் யூனிஃபார்ம் எதுவும் உங்கள் பொறுப்பில்லை. “கேட்டுக்கலாமா?” என்று அனுமதி கேட்கும் குரல் வேண்டாம். ‘இந்த நேரம் எனக்கு வேணும், இல்லாட்டி நான் ராத்திரி முழிச்சிக்கினு கிடக்குறேன்’ என்று நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள். சிரித்தாரே தவிர அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பதறி ஓடிவந்தவர்தானே. வார நாட்களில் பதினொரு மணிக்கு டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்த பிறகும் தூக்கம் சரியாகவில்லை, அழுகை அடிக்கடி வருகிறது, குளத்தில் இறங்கவே பிடிக்கவில்லை என்றால் அப்போது ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 கட்டணம் இல்லாதது, தமிழிலும் பேசலாம்.

மகள் சொன்னது உங்களைக் குத்தியிருப்பது தெரிகிறது. பதினாறு வயதில் அம்மாவின் புடவை, அம்மாவின் சிரிப்பு, அம்மா டீச்சரிடம் பேசும் விதம் எல்லாமே பிள்ளைகளுக்குக் கூச்சம்தான். தோழிகள் வரும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அது அவளுக்குத் தரும் மரியாதை. அவர்கள் போன பிறகு ஸ்பீக்கரில் போடுங்கள். பிடித்த ஒன்றை ஒளித்து வைத்துக் கேட்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தால், நாளைக்குத் தனக்குப் பிடித்ததையும் அவள் ஒளித்துத்தான் வைப்பாள்.

நீச்சலை நிறுத்த வேண்டாம். முட்டி வலி சரியானதற்கு அது ஒரு காரணம். கழுத்தளவு நீரில் மூட்டுகள் தாங்கும் எடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிறுத்தினால் வலி திரும்பி வரலாம். நீருக்குள் மூச்சை நீளமாக வெளிவிடும் பழக்கம் பதற்றத்தைத் தணிக்கவும் உதவும், பிளஸ் டூ வருஷத்தில் உங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தேவைப்படும். நீங்கள் காலையில் குளத்துக்குப் போவதால் மகளின் மார்க் குறைந்துவிடாது. அந்த நேரத்தில் டிபன் யார் பார்ப்பது என்பதுதான் வீட்டில் பேசித் தீர்க்கவேண்டிய கேள்வி, அதைக் கணவரோடும் அத்தையோடும் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த மாதத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.