தடுமாறும் இளம் டேக்கிளை மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், தாக்குதல் வரிசைக்கு (பந்தை எறிபவரைக் காக்கும் ஐந்து தடுப்பாளர்களுக்கு) தன்னார்வ உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் எங்கள் லெஃப்ட் டேக்கிள் பதினோராம் வகுப்பு மாணவர். முதன்மை அணியில் முழுப் பருவம் ஆடுவது அவருக்கு இதுவே முதல் முறை. கடந்த 3 ஆட்டங்களில் பந்தை எறியும் எங்கள் குவாட்டர்பேக் 7 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அந்த மாணவர்மீது 2 ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுத்தல்), 3 ஃபால்ஸ் ஸ்டார்ட் (பந்து நகரும் முன்பே அசைதல்) என்று தண்டனைகளும் விழுந்தன. அவரை உட்கார வைத்துவிட்டு, இப்போது வரிசையின் நடுவருக்கு வலப்பக்கத்தில் ரைட் கார்டாக ஆடும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை அந்த இடத்துக்கு நகர்த்தலாம் என்கிறார் தலைமைப் பயிற்சியாளர். பெற்றோர்கள் சிலரும் அதைத்தான் வலியுறுத்துகிறார்கள். என் கருத்தைக் கேட்டிருக்கிறார். என்ன சொல்வது?

பதில்: இந்த வாரம் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் வெறும் பரிவின் பெயரால் அதைச் சொன்னால் தலைமைப் பயிற்சியாளர் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. குவாட்டர்பேக்கின் உடம்புக்கு அவர்தான் பொறுப்பு. ஆகவே காணொளியை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

முதலில் அந்த 7 வீழ்த்தல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். வலக்கைக்காரரான குவாட்டர்பேக் எறிவதற்காகத் திரும்பி நிற்கும்போது அவருடைய முதுகு லெஃப்ட் டேக்கிள் பக்கம் இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் அடி பார்ப்பவர் கண்ணில் பெரிதாகப் படுகிறது, பழியும் டேக்கிள்மேல் விழுகிறது. பந்து வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரின் கையை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து எண்ணுங்கள். 3 வினாடிக்கு மேலும் குவாட்டர்பேக் பந்தைக் கையிலேயே வைத்திருந்தால் அந்த வீழ்த்தலில் அவருக்கும் பங்கு உண்டு. எதிரணியின் இரண்டு வீரர்கள் ஒருவருக்கொருவர் பாதை மாற்றிக்கொண்டு பாய்ந்திருந்தால், லெஃப்ட் கார்டும் டேக்கிளும் ஆளைக் கைமாற்றிக்கொள்ளத் தவறியிருக்கலாம். அது இருவர் பிழை. குவாட்டர்பேக்கின் அருகே நிற்கும் ஓட்டக்காரரான ரன்னிங் பேக், தான் தடுக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். இப்படிக் கழித்தால் அந்த மாணவருக்கு மட்டுமே உரியது மூன்றோ நான்கோதான் மிஞ்சும் என்பது என் ஊகம். ஏழுமே அவருடையது என்று தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் மாறும்.

மிஞ்சியவற்றில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறதா, பழைய தவறு சரியாகிப் புதிய தவறு முளைக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆட்டத்தில் வெளிப்பக்கமாக வேகத்தில் தோற்றவர், மூன்றாம் ஆட்டத்தில் வெளிப்பக்கத்தைக் காத்துவிட்டு உள்பக்கத் திருப்பத்தில் தோற்கிறார் என்றால் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் பயிற்சியாளருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

நீங்கள் எழுதியதில் என் கவனத்தைப் பிடித்தது ஃபால்ஸ் ஸ்டார்ட். பந்து நகரும் முன்பே அசைந்து, 3 முறை தலா 5 யார்டு இழக்கச் செய்த மாணவரைக் கவனக்குறைவானவர் என்று முத்திரை குத்துவது எளிது. என் அனுபவத்தில் பெரும்பாலும் அது பயம். எதிரணி வரிசையின் ஓரத்திலிருந்து பாயும் எண்டின் வேகத்துக்குத் தன் கால்கள் ஈடுகொடுக்காது என்று நினைப்பவர் அரை நொடி முந்திக் கிளம்பப் பார்க்கிறார். முந்த முடியாத தடவைகளில் முதல் அடியை மிக அகலமாக வைக்கிறார், இடுப்பு பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் திறந்துகொள்கிறது, உள்பக்கம் வாசலாகிவிடுகிறது. அங்கேயும் ஆள் நழுவும்போது சட்டையைப் பிடித்து இழுக்கிறார். அதுதான் ஹோல்டிங், 10 யார்டு போச்சு. மூன்று குறைகள்போலத் தெரிவது ஒரே குறையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் திருத்தக்கூடிய குறை.

சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. அவரைத் தொடக்க நிலையில், ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். அந்தக் கையைச் சட்டென்று தட்டிவிடுங்கள். முகங்குப்புறச் சாய்ந்தால் எடை முழுவதும் விரல்களில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலிருந்து பின்னோக்கி அடி வைக்க, முதலில் எடையைப் பின்னால் இழுக்க வேண்டும், அதற்குள் எதிராளி தோளைக் கடந்துவிடுவார். கையைத் தட்டியும் அசையாமல் நின்றால் எடை பாதங்களில் இருக்கிறது. பெரும்பாலும் சாய்ந்துதான் விழுவார்கள். ஓட்ட ஆட்டத்தில் முன்னால் பாய்ந்து தள்ளிப் பழகிய பிள்ளைகளுக்கு இது இயல்பு. எறிதல் ஆட்டங்களில் கையை ஊன்றாமல், இரு காலில் குந்திய நிலையிலேயே தொடங்கச் சொன்னால் பாதிச் சிக்கல் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு எடுத்துக்காட்டு சொல்ல வேண்டுமானால் தொலைவு போக வேண்டியதில்லை. ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஆடும் தொழில்முறை அணியான நியூயார்க் ஜயன்ட்ஸே, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2015 முதல் 2022 வரையிலான காலத்தில் மூன்று டேக்கிள்களை முதல் சுற்றின் முதல் 9 இடங்களுக்குள் தேர்ந்தெடுத்தது. மூவரும் தொடக்கத்தில் தடுமாறினார்கள். மூவருக்கும் மூன்று முடிவுகள்.

ஆண்ட்ரூ தாமஸ் 2020-இல் 4-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். அனுபவமிக்க நேட் சோல்டர் கோவிட் காரணமாக அந்தப் பருவத்திலிருந்து விலகிக்கொண்டதாலும், பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் எல்லாமே ரத்தானதாலும், ஓர் ஒத்திகைகூட இல்லாமல் லெஃப்ட் டேக்கிள் இடத்தில் நேராக இறக்கப்பட்டார். முதல் பாதிப் பருவம் கண்கொண்டு பார்க்க முடியாதபடி இருந்தது. தவறான ஆளை எடுத்துவிட்டார்கள் என்று நியூயார்க்கே பேசியது. அணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்காக ஒரு ஆட்டத்தின் தொடக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள். மற்றபடி இடத்தைப் பறிக்கவில்லை. பருவத்தின் நடுவில் வரிசைப் பயிற்சியாளரே மாறினார். பருவம் முடிந்ததும் தாமஸுக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2022-இல் அவர் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலின் இரண்டாம் அணியில் இடம்பெற்றார்; 2023-இல் 5 ஆண்டுக்கு 11.75 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்த நீட்டிப்பும் பெற்றார். இதைப் படிக்கும்போது உங்கள் மாணவரின் கணுக்காலையும் முழங்காலையும் பற்றி அணியின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதினாறு வயதில் இடம் போய்விடும் என்று வலியை மறைப்பவர்கள் உண்டு.

எரெக் ஃபிளவர்ஸ் கதை வேறு. 2015-இல் 9-ஆவது இடம். 3 பருவம் லெஃப்ட் டேக்கிளாகவே ஆடவிட்டார்கள். கால் வைக்கும் முறையும் கை வீச்சும் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய அப்படியே இருந்தன. 2018-இல் வலப்பக்கம் மாற்றினார்கள், இரண்டு ஆட்டங்களில் இடம் போனது, அக்டோபரில் அணியே விடுவித்துவிட்டது. அத்தோடு முடியவில்லை. 2019-இல் வாஷிங்டன் அணி அவரை லெஃப்ட் கார்டாக்கியது. 16 ஆட்டங்களிலும் தொடக்க வீரராக நின்றார், அடுத்த ஆண்டு மயாமி அவருக்கு 3 ஆண்டுக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. உடம்பு அதே உடம்பு. வெளிப்பக்கத்தில் திறந்த வெளியில் ஓடிவருபவனைத் தடுக்கத் திணறியவர், இருபுறமும் ஆள் நிற்கும் குறுகிய இடத்தில் தன் பலத்தைப் பயன்படுத்த முடிந்தது.

மூன்றாமவர் ஈவன் நீல், 2022-இல் 7-ஆவது இடம். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கோர் இடமாக இடப்பக்கக் கார்டு, வலப்பக்க டேக்கிள், இடப்பக்க டேக்கிள் என்று மாறி மாறி ஆடியவர். தொழில்முறை ஆட்டத்தில் முழங்கால் காயம், கணுக்கால் காயம் என்று இடையறுந்துகொண்டே போனது. 2023-இல் 7 ஆட்டங்கள்தான் ஆடினார். 2024 தொடக்கத்தில் ரைட் டேக்கிள் இடம் ஜெர்மேன் எலுமுனோருக்குப் போயிற்று, 2025-இல் ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த வாய்ப்பை (முதல் சுற்றில் எடுத்தவரை இன்னோர் ஆண்டு வைத்துக்கொள்ளும் உரிமையை) அணி பயன்படுத்தவில்லை. காத்திருந்தால் எல்லாரும் தாமஸ் ஆகிவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு நீலின் பெயர் போதும்.

டென்வர் அணியின் கேரட் போல்ஸையும் இங்கே சொல்ல வேண்டும். 2017-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, ஹோல்டிங் தண்டனைகளால் சொந்த ரசிகர்களிடமே ஏச்சு வாங்கியவர். அவருடைய ஐந்தாம் ஆண்டு வாய்ப்பையும் அணி 2020 மே மாதம் கைவிட்டது. அதே பருவத்தில் அவர் சிறந்த வீரர் பட்டியலின் இரண்டாம் அணிக்கு உயர, நவம்பரில் 6.8 கோடி டாலர் கொடுத்து அதே அணி அவரைத் தக்கவைக்க வேண்டியதாயிற்று. இடையில் 2019-இல் மைக் மன்சாக் என்ற தேர்ந்த வரிசைப் பயிற்சியாளர் வந்து சேர்ந்திருந்தார். இளம் வரிசை வீரர் தடுமாறினால் பயிற்சியையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் தலைமைப் பயிற்சியாளரின் யோசனைக்கு வருவோம். ரைட் கார்டை லெஃப்ட் டேக்கிளாக நகர்த்தினால் ஒரு இடத்தை அடைக்க இரண்டு இடங்களைத் திறக்கிறீர்கள். கார்டு இடத்துக்கு யார் வருவார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தவிர, இத்தனை நாள் வலக்காலைப் பின்வைத்துப் பழகியவர் இனி இடக்காலைப் பின்வைக்க வேண்டும். ஒரு வாரப் பயிற்சியில் அது உடம்பில் ஏறாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அனுபவம் இருக்கிறது என்பது உண்மை, அந்த இடத்தில் அனுபவம் இல்லை என்பதும் உண்மை.

மாற்றாமல் செய்யக்கூடியவை நிறைய. அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டை இடப்பக்கம் நிறுத்துங்கள், அல்லது ரன்னிங் பேக் வெளியே ஓடும் முன் எதிரணி எண்டின் விலாவில் தோளால் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போகட்டும். லெஃப்ட் கார்டு தன் எதிரே ஆளில்லாத தடவைகளில் இடப்பக்கமே சாயட்டும். உள்பக்கம் காக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் டேக்கிள் வெளிப்பக்கத்தில் மட்டும் மனம் வைக்கலாம். குவாட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கிச் சட்டென்று எறியும் ஆட்டங்களை முதல் கால்பகுதியில் கூட்டுங்கள். எதிரணி எண்ட் கண்மூடித்தனமாகப் பாய்ந்தால் அவர் தலைக்குமேல், ஸ்கிரீன் எனப்படும் குறுகிய எறிவை எறியுங்கள். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை வேகம் தானாகக் குறையும். எல்லாவற்றையும்விட, ஓட்ட ஆட்டத்தில் அந்த மாணவர் பக்கமே பந்தைக் கொண்டுபோங்கள். பின்வாங்கிப் பின்வாங்கித் தோற்றவருக்கு நாலு முறை முன்னால் பாய்ந்து ஆளைத் தள்ளக் கொடுத்தால் முகமே மாறிவிடும்.

உதவிக்கு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டைட் எண்ட் தடுக்க நின்றால் பந்து பிடிக்க ஓடுபவர் ஒருவர் குறைகிறார். ஒரு பருவம் முழுவதும் அப்படி ஆட முடியாது. அதனால்தான் இரண்டு ஆட்டம் என்றேன்.

அந்த இரண்டு ஆட்டங்களில் இடுப்பு திறப்பது குறையாமல், அதே தவறு அதே வடிவில் வந்தால், அவரை லெஃப்ட் கார்டாகவோ ரைட் டேக்கிளாகவோ நகர்த்துங்கள். பெஞ்சுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. தோற்ற பிறகு ஓடிப்போய் மறுபடி தடுக்க முயலாமல் நின்று வேடிக்கை பார்த்தால் அன்றைக்கே உட்கார வையுங்கள். குவாட்டர்பேக்கின் தலையிலோ முதுகிலோ கணக்கில்லாமல் அடி விழும் ஆட்டமாக இருந்தால், எந்தத் திட்டமும் பார்க்காமல் அந்தக் கால்பகுதியிலேயே மாற்றுங்கள். எந்த மாணவரின் வளர்ச்சிக்காகவும் இன்னொரு மாணவரின் உடம்பைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

எந்த முடிவானாலும் அந்த மாணவர் அதைப் பெற்றோர் வாயிலாகவோ சுவரில் ஒட்டிய பட்டியலிலோ தெரிந்துகொள்ளக் கூடாது. திங்கட்கிழமை காணொளி பார்க்கும்போது மற்றவர்கள் போன பிறகு பத்து நிமிடம் அவரை இருக்கச் சொல்லுங்கள். எதிராளியிடம் அவர் தோற்ற தடவை ஒன்று, வென்ற தடவை ஒன்று, இரண்டை மட்டும் காட்டுங்கள். முதல் அடி எங்கே விழுந்தது என்று அவரையே திரையில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டிவிட்டாரானால் அதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.