வாசகர் கேள்வி – பதில்: ஆறுதல் சொல்ல வராதவர் என்ன செய்வது?

கே: என் நண்பன் பவர் டேபிள் தையல் யூனிட் நடத்தி வந்தான். ஆர்டர் குறைந்து, கடன் ஏறி, மெஷின்களை விற்றுவிட்டான். இப்போது போனை எடுப்பதில்லை, டீக்கடைப் பக்கமும் வருவதில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் எனக்கு ஆறுதலாகப் பேச வராது. கடனை அடைத்துவிடும் வசதியும் இல்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

ப: பேச வராதது நல்லதாகப் போயிற்று. பேச வருகிறவர்கள் இதற்குள் அவர் வீட்டுக்கு வந்து, ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’, ‘அவனவன் கோடிக்கணக்குல விட்டுட்டு எந்திரிச்சு நிக்கிறான்’ என்றெல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஜாதகத்தையும் விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் போனை எடுக்காததற்குக் கடன்காரர்கள் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் சும்மா போங்கள். ‘ஏதாவது வேணும்னா கேளு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், ஏற்கெனவே பலரிடம் கைநீட்டி நொந்தவர் வாய் திறந்து கேட்கமாட்டார். ‘சந்தைக்குப் போறேன், உனக்கும் காய் வாங்கிட்டு வர்றேன்’, ‘பேங்குக்குப் போகணும்னா சொல்லு, நான் வண்டி எடுக்கிறேன்’ என்று இன்னதென்று சொல்லுங்கள். நம்ம ஊர் ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறப்பது அபூர்வம், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பாதி விஷயம் தானாக வந்துவிடும். வந்தால் கேளுங்கள், நடுவில் உங்கள் நஷ்டக் கதையை எடுக்காதீர்கள், கேட்டது டீக்கடைக்கும் போகக்கூடாது. போனை எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் ‘பதில் போட வேண்டாம்டா, ஞாபகம் வந்துச்சு’ என்று ஒரு வரி போதும். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள், மூன்றாவது மாதமும் நீங்கள் போவதுதான் பெரிது. அப்புறம், அவர் மனைவியையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள், அந்த அம்மாவை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சும்மா இருக்கக்கூடாது. ‘நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரி பேச்சு வந்தால், ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்று பாரம் குறையும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், ரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அவர் பேசத் தயங்கினால் நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

கே: மனசு உடைந்தவர்களை மனநல டாக்டரிடம் அனுப்புவதுதானே முறை? தன்னார்வலர்கள் என்ன செய்துவிட முடியும்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: டாக்டர் வேண்டிய இடத்தில் டாக்டர்தான், மாத்திரையின் வேலையைப் பேச்சு செய்யாது. ஆனால் லண்டனில் நடந்த ஒரு சங்கதி இருக்கிறது. சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காக 1953-இல் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். ஆலோசனை சொல்லப் போவது அவர்தான் என்று ஏற்பாடு. நேரில் வந்தவர்கள் காத்திருக்கும்போது உதவிக்கு இருந்த சாதாரண ஆட்கள் டீ, காபி கொடுத்துப் பேச்சுத்துணையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், வந்தவர்களில் பலருக்கு அந்தப் பேச்சுத்துணையே போதுமானதாக இருந்திருக்கிறது, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளாமல், 1954-இல் அந்த வேலையைத் தன்னார்வலர்களிடமே விட்டுவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது இப்படித்தான். சென்னையில் 1986-இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார் மனநல மருத்துவர், ஆனால் அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.