பெயரைத் தொலைத்தவர்களா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். பெண் குழந்தை. யாழினி என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். குடும்பப் பெயராக மாமனாரின் பெயர் ‘காத்தமுத்து’ ஏறும் என்கிறார் கணவர். அந்தப் பழங்காலப் பெயரைச் சுமந்துகொண்டு என் மகள் பள்ளிக்குப் போக வேண்டுமா? என் அலுவலகத்தில் ஒருவருக்கு முன்பெயர் ழான், குடும்பப் பெயர் ராமசாமி. தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேச வராது. இவர்களைப் போல நாமும் பெயரைத் தொலைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

வாசகி, சேன் தெனி

அன்புள்ள தங்கைக்கு,

பிரசவம் நலமாக நடக்கட்டும். ஆனால் ‘தொலைத்தவர்கள்’ என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் மாமனாருடைய தாத்தாவின் பெயர் என்ன? கணவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது. நம் ஊரில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி மகன் பெயருக்கு முன்னால் நிற்கும். பேரன் காலத்தில் அதுவும் உதிர்ந்துவிடும். உங்கள் அலுவலக நண்பருக்கோ, கப்பலில் வந்து இறங்கிய ராமசாமி இன்னமும் தினமும் கூப்பிடப்படும் பெயர். நாம்தான் அதிகம் தொலைத்தவர்கள்.

1848-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தென்னிந்தியர். அவர்களுக்கு இருந்தது ஒரே பெயர். பிரெஞ்சுப் பதிவேடு கேட்டது இரண்டு. இருந்த ஒன்று குடும்பப் பெயராக உறைந்தது. பிள்ளைகளின் முன்பெயருக்கு 1803-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது: நாளுக்கொரு புனிதர் பெயர் போட்ட நாட்காட்டிகளில் உள்ள பெயர்கள், பழைய வரலாற்று மாந்தரின் பெயர்கள், இவ்வளவுதான் இடலாம். ழான், போல், மரி என்ற பெயர்களெல்லாம் வந்தது அந்த வழியாகத்தான். அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது 1993-இல். யாழினி என்று நீங்கள் தயங்காமல் எழுதிக் கொடுப்பதற்குப் பின்னால் இத்தனை காலக் காத்திருப்பு இருக்கிறது.

நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1848 டிசம்பர் 20-இல் விடுதலை பெற்ற அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு அதிகாரிகள்தான் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். இங்கே முழுப் பெயரையும் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். தம்போன் நகரின் மேயராக நெடுங்காலம் இருந்த ஆந்த்ரே தியன்-ஆ-கூனின் பெயரைப் பாருங்கள். நடுவில் உள்ள ‘ஆ’ செல்லமாக அழைக்கச் சேர்க்கும் ஓர் அசை. வீட்டுக்குள் கொஞ்சிய சொல் அரசாங்க முத்திரையோடு நிலைத்துவிட்டது.

இந்தத் தீவின் கவிஞர், பேராசிரியர் ஒருவரின் பெயர் ழான்-குளோத் கர்ப்பனேன் மரிமுத்து. நாட்காட்டி கொடுத்தது முதல் துண்டு. அடுத்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கருப்பண்ணன் கேட்கிறது. கடைசியில் மாரிமுத்து. தமிழ்நாட்டில் இன்று எத்தனை வீடுகளில் பிள்ளைக்குக் கருப்பண்ணன் என்று பெயர் வைக்கிறார்கள்?

சேந்த் ஆந்த்ரேயில் நான் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக் கொடுத்தபோது, அதே மாரிமுத்து என்ற குடும்பப் பெயர் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். மாரிமுதது என்று எழுதினார். முதல் ‘த’வுக்குப் புள்ளி வேண்டும் என்றேன். அவர் அழுத்திய அழுத்தில் பேனா தாளைத் துளைத்துக்கொண்டு போயிற்று. பொருள் என்ன என்று கேட்டார். கடலில் எடுக்கும் முத்து என்று தொடங்கினேன். அது பாதி உண்மைதான். அம்மை கண்ட உடம்பில் எழும் கொப்புளத்துக்கும் நம் கிராமங்களில் முத்து என்றே பெயர். மாரியம்மன் போட்ட முத்து. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய்மார் அவளுடைய முத்தையே பெயராக இட்டார்கள். இதைச் சொன்னதும் அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுபது வயதுவரை அவருக்கு அது வெறும் ஒலியாக இருந்திருக்கிறது.

உங்கள் காத்தமுத்துவும் அதே குடும்பந்தான். மாரியம்மன் கதையில் காத்தவராயன் அவள் பிள்ளை. தாயும் பிள்ளையும் ஒரே பெயரில் இருக்கிறார்கள். இதற்கா சங்கடப்படுகிறீர்கள்? மகள் கேட்கும் வயது வரும்போது கதையாகச் சொல்லுங்கள்.

யாழினி நல்ல பெயர். ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் வையுங்கள். ழான் என்ற பிரெஞ்சு ஒலிக்கு நாம் ழகரத்தைக் கொடுத்திருக்கிறோம். நம் ழகரத்துக்கு அவர்களிடம் எழுத்தில்லை. பள்ளியில் அவள் யாலினிதான். வீட்டில் விடாமல் ழகரத்தோடு கூப்பிடுங்கள். குழந்தை பிறந்து ஐந்து நாட்களுக்குள் ‘மேரி’ என்று இங்கே சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். கணவர் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்கட்டும். அன்று எழுதுவதுதான் பேரப்பிள்ளைகள் வரை போகும்.

அன்புடன்,
அக்கா