டப்ளின் சுவர்களில் எழுதிய சொல்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் க்விஸ் நடத்துகிறேன். தொடங்கும்போது ஒரு கதை சொல்வேன். டப்ளின் நாடக அரங்கு நிர்வாகி ஒருவர், ஒரே நாளில் புதுச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதாகப் பந்தயம் கட்டினார். பொருளற்ற ‘க்விஸ்’ஸை ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ச் சுவர்களில் எழுதவைத்து ஜெயித்தார். இது உண்மையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

ஆள் உண்மை, பெயர் ரிச்சர்ட் டேலி. கதைதான் தேறாது. பந்தயம் நடந்ததாகச் சொல்லப்படுவது 1791இல். நாவலாசிரியை ஃபேனி பர்னியோ 1782 ஜூன் மாத நாட்குறிப்பிலேயே ஒருவரை ‘வேடிக்கையான க்விஸ்’ என்று எழுதிவிட்டார்.

அவர் எழுதியதில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை என்பதுதான் சுவாரசியம். அன்றைய கொச்சையில் க்விஸ் என்றால் ஒரு மாதிரியான ஆள், கோமாளித்தனமானவர். அப்புறம் பொருள்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ நாவலில் ஜான் தோர்ப் தன் அம்மாவைப் பார்த்ததும், இந்தக் க்விஸ் தொப்பி எங்கே கிடைத்தது, கிழட்டுச் சூனியக்காரி மாதிரி இருக்கிறாயே என்கிறான். (பிள்ளைப் பாசம்!) வினைச்சொல்லானபோது கிண்டல் செய்வது, ஏளனமாக உற்றுப் பார்ப்பது என்று ஆனது. பகட்டுக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்த்த கைப்பிடியுள்ள ஒற்றைக் கண்ணாடிக்கு ‘க்விஸிங் கிளாஸ்’ என்றே பெயர். இடையில் யோயோ போன்ற ஒரு விளையாட்டுச் சாமானையும் க்விஸ் என்றார்கள்.

நீங்கள் நடத்தும் க்விஸ் அமெரிக்கச் சரக்கு. மாணவர்களை வாய்மொழியாகக் கேள்வி கேட்டுச் சோதிப்பதை 1860களில் அங்கே அப்படிச் சொன்னார்கள். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸின் 1867ஆம் ஆண்டுக் கடிதத்தில் இந்தப் பொருளில் வருகிறது.

சரி, வேர் எது? ‘நீ யார்’ எனக் கேட்கும் லத்தீன் ‘க்வி எஸ்’ என்கிறார்கள் சிலர். விசாரிப்பதைக் குறிக்கும் ‘இன்க்விசிட்டிவ்’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது, கேள்வி என்ற பிற்காலப் பொருளை இழுத்து வந்திருக்கலாம். கோமாளிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதற்கு இரண்டுமே பதிலாகவில்லை.

டேலி கதையைக் கைவிட வேண்டாம். கதையை முழுதும் சொல்லிவிட்டு, அதை உடைக்கும் நாட்குறிப்பு யாருடையது என்று முதல் கேள்வியாகப் போடுங்கள்.