வாசகர் கேள்வி: குகை ஓவியமும் கச்சேரி மேடையும் கூழைக்கடாவும்

இசை, கலை, இயற்கை ஆகியவற்றைத் தேடிப் படமெடுக்கச் செல்லும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, இத்தகைய பயணங்களில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுவரும் புகைப்படக் கலைஞர் பதிலளிக்கிறார்.

என் மகளுக்குப் பாட்டு, எனக்குச் சிற்பமும் ஓவியமும், என் கணவருக்குப் பறவைகள். மூவருக்கும் பொருந்தும்படி ஒரே நாளில் சென்றுவரக்கூடிய இடம் உண்டா? புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறோம்.
– வாசகி, திருச்சி

உண்டு, புதுக்கோட்டைப் பக்கம் சென்றால் போதும். விடியும் முன்பே புறப்பட்டு முதலில் விராலிமலைக்குச் செல்லுங்கள். முருகன் கோயில் அமைந்த அந்தக் குன்றிலும் சுற்றியுள்ள பாறைகளிலும் மயில்கள் உலவுகின்றன. வெயில் ஏறினால் அவை புதர் நிழலில் ஒதுங்கிவிடும் என்பதால் உங்கள் கணவருக்கு அதிகாலையே உகந்த நேரம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயிலின் தோகை ஆண்டுதோறும் உதிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு போகும் மாதத்தை முடிவு செய்யுங்கள். அதே ஊர், பரதநாட்டியத்தின் முன்னோடியான சதிராட்டத்துக்கும் பெயர்பெற்றது. அந்த மரபில் வந்த முத்துக்கண்ணம்மாள் அம்மையாருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த பிறகே பலர் விராலிமலையின் ஆடல் மரபைக் கேள்விப்பட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அங்கிருந்து குடுமியான்மலை. உங்கள் மகள் தவறவிடக் கூடாத இடம் இது. குன்றைக் குடைந்து அமைத்த மேலைக்கோயிலை ஒட்டிய பாறைச் சுவரில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பெரும்பாலோர் கருதும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பழைய இசை மரபின் கிராம ராகங்கள் ஏழுக்குரிய சுரக்கோவைகள், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டிருப்பதையும், ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருவதையும், எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் பாறையிலேயே விரல் படாமல் சுட்டிக்காட்டச் சொல்லிப் பார்க்கலாம். வடமொழியில் அமைந்த அந்தக் கல்வெட்டின் முடிவில் மட்டும் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்ற தமிழ்ச் சொற்கள் வருகின்றன. எட்டும் ஏழும் எவற்றைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்ற கருத்துக்கும் மறுப்பு உண்டு.

எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவை அல்ல. வெளிச்சம் நேரெதிரே விழுந்தால் படத்தில் வெறும் பாறைதான் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் மெல்லிய நிழல் எழும். சூரியன் அதற்கு ஒத்துழைக்காவிட்டால், உடன் வருபவர் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பதும், தண்ணீர் ஊற்றுவதும், எண்ணெய் பூசுவதும் கல்லுக்குச் செய்யும் கேடு. அப்படி யாரேனும் செய்யக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

பிற்பகலில் சித்தன்னவாசல். குன்றின் மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயில், 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியரால் புதுப்பிக்கப்பட்ட சமணக் குடைவரை. முன் மண்டபத்தின் கூரையில் தாமரைக்குளம் தீட்டப்பட்டிருக்கிறது. பூவும் மொட்டும் இலையுமாக நிறைந்த நீரில் மீன்களும் பறவைகளும் எருமைகளும் யானைகளும் இருக்க, அவற்றுக்கு நடுவே மனிதர்கள் பூப்பறிக்கிறார்கள். காலையில் விராலிமலையில் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு இதைப் பார்த்தால், தீட்டியவர் குளத்தங்கரையில் எவ்வளவு பொழுது உட்கார்ந்திருந்தார் என்பது விளங்கும். சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய அந்த வண்ணங்கள் ஏற்கெனவே பெரிதும் மங்கிவிட்டதால் ஃபிளாஷ் ஒருபோதும் கூடாது. காவலர் படம் வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். கருவறை மிகச் சிறியது. அதன் நடுவில் தாழ்ந்த குரலில் ரீங்கரித்தால் சுவர்கள் அதை வாங்கிப் பெருக்கித் தருவதை அங்குள்ளோர் செய்துகாட்டுவதுண்டு. உங்கள் மகள் பாட்டுக்கு அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜத்தை அங்கே ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும்.

மார்கழிக் கச்சேரிகளில் படமெடுக்க ஆசை. பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், மயிலாப்பூர்

முறைப்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அவர்கள் கேட்க வந்தவர்கள். நாம் அவர்களுடைய இடத்தில் படமெடுக்க வந்தவர்கள். சபாவிடமும், முடிந்தால் கலைஞரிடமும், முன்னதாக அனுமதி பெற்றுவிடுங்கள். கேமராவில் ஓசையில்லா ஷட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் எல்.இ.டி. விளக்குகளின்கீழ் அது படத்தில் வரிவரியாகப் பட்டை விழச் செய்யக்கூடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அந்த வேகத்தில் மிருதங்கக் கலைஞரின் விரல்கள் சற்றுக் கலங்கித் தெரியும். அவர் முகமும் மணிக்கட்டும் தெளிவாக இருந்தால் அந்தக் கலக்கம் வாசிப்பின் வேகத்தையே காட்டும் என்பது என் கருத்து.

எங்கே உட்காருவது என்பதை வந்தவுடன் தீர்மானித்துவிட்டு, பிறகு எழுந்திருக்காதீர்கள். வழக்கமாக மிருதங்கம் பாடகருக்கு வலப்புறத்திலும் வயலின் இடப்புறத்திலும் இருக்கும். மிருதங்கத்தில் வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலை அவையை நோக்கி இருப்பதால், மேடையைப் பார்த்து உட்காரும் நமக்கு வலக்கோடியில் இடம் கிடைத்தால் மிருதங்கக் கலைஞரின் முகமும் இரு கைகளும் சேர்ந்து தெரியும். வயலின் கலைஞரின் முகம் வேண்டுமென்றால் இடக்கோடிக்குப் போக வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் பாடகரின் வாயை மைக் மறைத்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம்விட, தாளம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். கோர்வை என்னும் தாளக் கணக்கு மூன்றாம் முறை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேரும் கணத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை, கணக்குத் தெரிந்தவர் முன்கூட்டியே காத்திருந்து எடுப்பார். தெரியாதவர் அது முடிந்த பிறகு எடுப்பார். ராக ஆலாபனையின்போது கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

செல்போன் கேமரா போதுமா?
– மாணவர், மதுரை

கோயிலுக்கும் குகைக்கும் தாராளமாகப் போதும். பறவைகளுக்குப் போதாது.

பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டால் அது அருகில் வருகிறது. படமெடுக்க இந்த வழியைக் கையாளலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பறவை பாடுவது பெரும்பாலும் தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும்தான். பதிவு செய்த குரலைக் கேட்டவுடன், தன் இடத்துக்குப் போட்டியாக இன்னொன்று வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது விரட்ட வருகிறது. உங்கள் கேமராவில் விழுவது கலக்கமுற்ற பறவையின் படம். ஒருவர் போய் மற்றொருவர் வந்து இதையே நாள் முழுவதும் செய்தால், குஞ்சுகளுக்குப் போக வேண்டிய உழைப்பு வீணாகிறது. கச்சேரியில் கலைஞரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் நமக்குள்ள கவனம், கேட்பதற்கு ஆளில்லாத காட்டில் பாடும் உயிரிடமும் இருக்க வேண்டும். அது வழக்கமாக வந்து அமரும் கிளையைக் கண்டுபிடித்து, விலகி உட்கார்ந்து காத்திருங்கள்.

வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம்?
– வாசகி, தாம்பரம்

மழை பெய்து ஏரி நிறைந்த ஆண்டுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை. மாலை மூன்று மணிக்கு மேல் சென்றால், இரை தேடிவிட்டுக் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் பறவைகளைப் பார்க்கலாம். நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அருகருகே கூடு கட்டியிருக்கும். கரையிலிருந்தே எடுக்க வேண்டியிருப்பதால் 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் உதவும்.

அந்த ஊர் மக்களைப் பற்றியும் ஒரு சொல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவர்கள், தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் படைவீரர்கள் வந்து சுட்டபோது முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்புக்கான உத்தரவைப் பெற்றார்கள். அவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்ளச் சொன்னால் நாம் கேட்டு நடக்கக் கடமைப்பட்டவர்கள்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசை எந்த நேரத்தில் எடுப்பது?
– வாசகர், புதுச்சேரி

சிற்பத் தொகுதி கிழக்கு நோக்கியது. சூரியன் உதித்தவுடன் வெளிச்சம் நேராக விழுவதால் உருவங்கள் தட்டையாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். காலை பத்து மணியை ஒட்டி வெளிச்சம் பக்கவாட்டில் வழிந்து யானைகளின் உடல் திரண்டு தெரியும். தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் அந்த நேரத்தில் தனியாக எடுங்கள். பிற்பகலில் முழுவதும் நிழலாகிவிடும். கேமரா முக்காலியை வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால் கையில் பிடித்தே எடுக்கத் தயாராகச் செல்லுங்கள்.