சிறப்பு அழைப்பாளருக்கு ஓட்டு உண்டா? மாநிலச் செயற்குழு பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு கட்சியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பேரூர் மகளிர் அணிப் பொறுப்பு. போன வாரம் மாவட்டச் செயலாளர் கூப்பிட்டு, “உங்க பேர மாநிலச் செயற்குழுவுக்கு சிறப்பு அழைப்பாளரா அனுப்பியிருக்கேன்” என்றார். அதற்குள் வாழ்த்து போஸ்டரும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் குழு எப்படி அமைகிறது, அதில் எனக்கு என்ன இடம், ஓட்டு உண்டா, சென்னை போய்வர ஆகும் செலவு யாருடையது என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. சம்மதிக்கலாமா?

பதில்: முதலில் ஓட்டு விஷயம். சிறப்பு அழைப்பாளர் கூட்டத்தில் உட்காரலாம், தலைமை தாங்குபவர் அனுமதித்தால் பேசலாம். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது பொதுவாக அவருக்கு ஓட்டு இல்லை, கோரம், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கிலும் அவர் சேரமாட்டார். உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் போஸ்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பாருங்கள்.

நாகர்கோவிலில் ஒரு கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் 19 வருஷம் அலுவலகச் செயலாளராக இருந்தவன் நான். அறிவிப்புக் கடிதம் அனுப்புவது, வருகைப் பதிவேடு வைப்பது, தீர்மானப் புத்தகம் எழுதுவது எல்லாம் என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு மாநிலக் கட்சியை மேலிருந்து பார்த்தால் பொதுவாக மூன்று அடுக்கு தெரியும். பெரிய சபை ஒன்று, திராவிட இயக்கக் கட்சிகளில் அதற்குப் பெயர் பொதுக்குழு. அதைவிடச் சிறியதாக, அடிக்கடி கூடக்கூடியது செயற்குழு. அதற்கும் மேலே தினசரி வேலையை நடத்தும் தலைமை நிர்வாகிகள்: தலைவர் அல்லது பொதுச் செயலாளர், பொருளாளர், துணைப் பொதுச் செயலாளர்கள், அமைப்புச் செயலாளர், தலைமை நிலையச் செயலாளர் என்று. காங்கிரசில் பிரதேச காங்கிரஸ் கமிட்டி, அதன் செயற்குழு, நிர்வாகிகள். மார்க்சிஸ்ட் கட்சியில் மாநில மாநாடு, மாநிலக் குழு, மாநிலச் செயற்குழு. பெயர் மாறினாலும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் பதவிப் பெயரை வைத்து அதிகாரத்தை அளந்துவிடாதீர்கள். ‘பொதுச் செயலாளர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிமுகவில் கட்சியின் உச்சப் பதவியே அதுதான். திமுகவில் இன்று தலைவருக்கு அடுத்த இடம். அதே திமுகவில் 1949 முதல் 1969 வரை, பெரியாருக்காகத் தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டு வைத்திருந்தபோது பொதுச் செயலாளர்தான் கட்சியை நடத்தினார். பாரதிய ஜனதாவில் மாநிலத் தலைவருக்குக் கீழே பல பொதுச் செயலாளர்கள் இருப்பார்கள். மார்க்சிஸ்ட் கட்சியில் பொதுச் செயலாளர் என்றால் அகில இந்தியப் பொறுப்பு, மாநிலத்துக்கு மாநிலச் செயலாளர். ‘செயற்குழு’வும் அப்படித்தான். ஒரு கட்சியில் அது நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபக் கூட்டம். இன்னொரு கட்சியில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் சிலர்.

சரி, இந்தக் குழுவுக்குள் ஒருவர் எப்படிப் போகிறார்? நான் பார்த்த வரையில் நாலு வழி.

ஒன்று, தேர்தல். மார்க்சிஸ்ட் கட்சியில் இது கீழிருந்து ஏறும். கிளை மாநாடு, இடைக்கமிட்டி மாநாடு, மாவட்ட மாநாடு, அப்புறம் மாநில மாநாடு. பழைய குழு புதிய குழுவுக்கு ஒரு பட்டியலை முன்வைக்கும். பிரதிநிதிகள் வேறு பெயரை முன்மொழியலாம், போட்டி வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. தேர்வான மாநிலக் குழுதான் தனக்குள்ளிருந்து செயலாளரையும் செயற்குழுவையும் தேர்ந்தெடுக்கும். செயலாளர் பொறுப்பில் ஒருவரே பொதுவாக மூன்று தவணைக்கு மேல் இருக்க முடியாது என்ற விதியும் 2012-க்குப் பிறகு அங்கே உண்டு. காங்கிரசின் சட்டத்திலும் வட்டாரத்துக்கு ஒருவர் என்று பிரதேச கமிட்டிக்குத் தேர்வாக வேண்டும். நடைமுறையில் மாநிலத் தலைவரை முடிவு செய்யும் பொறுப்பை அகில இந்தியத் தலைவரிடம் விட்டுவிடுகிறோம் என்று ஒரு வரித் தீர்மானம் போட்டு முடித்துவிடுவது பழகிப்போன வழக்கம்.

இரண்டு, பதவி வழி. மாவட்டச் செயலாளர் ஆனாலே பொதுக்குழுவில் தானாக இடம் வந்துவிடும். நம் ஊரில் தொண்டர்கள் மாவட்டச் செயலாளரை “மாவட்டம் வந்துட்டாரா?” என்றும், ஒன்றியச் செயலாளரை “ஒன்றியம்” என்றும் அழைப்பது சும்மா இல்லை. மேலே உள்ள குழுவில் அந்த மாவட்டமாகவே அவர் போய் உட்காருகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். அரசாங்கக் கணக்கில் கன்னியாகுமரி ஒரே மாவட்டம், 6 சட்டமன்றத் தொகுதி, 9 ஊராட்சி ஒன்றியம். கட்சிக் கணக்கு வேறு. திமுகவும் அதிமுகவும் இதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாவட்டமாக வைத்திருக்கின்றன. இரண்டு செயலாளர், இரண்டு பொருளாளர், மேலே உள்ள குழுவிலும் அதற்கேற்ற இடங்கள். மாவட்டத்தைப் பிரிப்பது நிர்வாக வசதிக்கு என்பார்கள், அது உண்மைதான். அதோடு மாநிலக் குழுவில் நாற்காலி எண்ணிக்கையும் மாறுகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்று, நியமனம். தலைவரோ பொதுச் செயலாளரோ இத்தனை பேரை நேரடியாகச் சேர்க்கலாம் என்று சட்டதிட்டம் இடம் கொடுக்கும். பெண்கள், சிறுபான்மையினர், சட்டம் தெரிந்தவர்கள், கலைஞர்கள் என்று தேர்தலில் வரமுடியாதவர்களைக் கொண்டுவர இது நல்ல வழி. தலைமைக்கு வேண்டியவர்களை நிரப்பவும் இதே வழிதான்.

நான்காவது, அழைப்பு. உங்களுடையது இது. இதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. கருங்கலிலிருந்து ஒரு பெண் அந்த மண்டபத்துக்குள் போய், மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றியோ ரப்பர் விலையைப் பற்றியோ இரண்டு நிமிஷம் பேசினாலும் அது பெரிய விஷயம். 1945-ல் நாகர்கோவிலில் தொடங்கிய தமிழர் அமைப்பு, பின்னாளில் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசாக வளர்ந்தபோது, அதன் மேல்கமிட்டிக்காரர்கள் இங்கேயே பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு மாநிலக் குழு என்றால் நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து போகிறவர் ஓட்டோடு போனால் இன்னும் நல்லது என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். குழுவில் எத்தனை பேர் என்பதில் அதன் பலம் இல்லை. கூட்டத்தைக் கூட்டுவது யார், தீர்மானப் புத்தகம் யார் கையில், கட்சிக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு, இந்த மூன்றும் தெரிந்தால் கட்சியே தெரிந்த மாதிரி.

கூட்டுவது: எத்தனை நாள் முன்னால் கடிதம் தர வேண்டும், அவசரக் கூட்டத்துக்கு எத்தனை நாள், குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், உறுப்பினர்களில் இத்தனை பங்கு பேர் எழுதிக் கேட்டால் கூட்டியே ஆகவேண்டுமா என்பதெல்லாம் சட்டதிட்டத்தில் இருக்கும். பொருள் நிரலும் கடிதத்தோடு வரவேண்டும். “மற்றவை தலைவர் அனுமதியுடன்” என்ற கடைசி வரியில்தான் பல பெரிய முடிவுகள் நுழைந்துவிடும், அதில் ஒரு கண் இருக்கட்டும்.

புத்தகம்: இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒரு மழைநாள் கூட்டம். 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே பக்கத்தில் ஏழெட்டு வரி காலியாகக் கிடந்தது, நான் அப்படியே மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது 36 கையெழுத்து. மேலே தலைப்பில், ‘வருகை’ என்று நான் எழுதியிருந்த சொல்லுக்குப் பக்கத்தில் ‘மற்றும் ஒப்புதல்’ என்று வேறு மையில் சேர்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு தீர்மானத்துக்குச் சம்மதித்தவர்களாக ஆகிவிட்டார்கள். அதில் மூன்று பேர் அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர்கள். அன்றிலிருந்து கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, மொத்தம் இத்தனை பேர் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்காமல் நான் புத்தகத்தை மூடியதில்லை. நீங்களும் கையெழுத்துப் போடும் முன் தலைப்பைப் படியுங்கள். உங்கள் பெயருக்கு நேரே ‘சிறப்பு அழைப்பாளர்’ என்று நீங்களே எழுதுங்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத பிரமாணப் பத்திரத்திலோ எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம்.

இது வீண் பயம் இல்லை. கட்சி பிளந்தால் இந்தக் கையெழுத்துகளைத்தான் எண்ணுவார்கள். 1968-ஆம் ஆண்டு சின்னங்கள் ஆணையின் 15-ஆம் பத்தியின்படி, இரண்டு அணிகளில் எது உண்மையான கட்சி என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்யும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தப் பக்கம், கட்சி அமைப்பில் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். 2017 நவம்பர் 23-ல் இரட்டை இலைச் சின்னம் யாருக்கு என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னபோது பொதுக்குழு உறுப்பினர்கள் கொடுத்த பிரமாணப் பத்திரங்கள் கணக்கில் வந்தன. அதே அதிமுகவின் 2022 ஜூலை 11 பொதுக்குழுக் கூட்டத்தைச் சட்டப்படி கூட்டினார்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தக் கூட்டத்துக்குச் சாதகமான உயர் நீதிமன்ற உத்தரவை 2023 பிப்ரவரியில் அது உறுதி செய்தது. சண்டை முழுக்க யார் கூட்டினார், எப்படி அறிவித்தார் என்பதில்தான்.

மூன்றாவது, கையெழுத்து அதிகாரம். தேர்தலில் கட்சிச் சின்னம் கிடைக்க ஃபார்ம் ஏ, ஃபார்ம் பி என்று இரண்டு தாள். கட்சி சார்பில் வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்று ஏ சொல்லும். இந்தத் தொகுதிக்கு இவர்தான் வேட்பாளர் என்று பி சொல்லும். மனுத்தாக்கலின் கடைசி நாள் பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும், மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. யாருக்கு சீட் என்று எந்தக் குழு பேசி முடித்தாலும் கடைசியில் அந்த ஒரு பேனாதான் தீர்மானிக்கிறது. உங்கள் கட்சியில் அந்தப் பேனா யாரிடம் என்று விசாரித்து வையுங்கள்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களைப் பற்றியும் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். குழு உறுப்பினர் பதவிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்குவது அலுவலக மேலாளர், கணக்குப் பார்ப்பவர், டைப் அடிப்பவர், ஓட்டுநர், காவலாளி போன்றவர்கள். கம்யூனிஸ்ட் கட்சிகளில் முழுநேர ஊழியர் என்று ஒரு பிரிவே உண்டு. அவர்களுக்குக் கட்சி மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும், உறுப்பினர்கள் வருமானத்துக்கேற்ப லெவி என்ற பங்குத்தொகையைக் கட்சிக்குக் கட்டுவார்கள். பாரதிய ஜனதாவில் அமைப்புப் பொதுச் செயலாளர் முழுநேரப் பொறுப்பு, வழக்கமாக ஆர்.எஸ்.எஸ்.-ஸிலிருந்து வருவார். மற்ற கட்சிகளில் உங்களைப் போன்றவர்கள் பயணச் செலவைச் சொந்தக் கையிலிருந்துதான் போடுகிறார்கள், அல்லது ‘மாவட்டம்’ வேன் பிடித்து மொத்தமாகக் கூட்டிப் போவார். இது உங்கள் தையல் கடையின் இரண்டு மூன்று நாள் வருமானம். வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

நன்கொடை வசூலிக்கச் சொன்னால் ஒன்றை மறக்க வேண்டாம். ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் விவரத்தைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ரசீதுப் புத்தகம் பொருளாளர் கையெழுத்தோடு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

உங்கள் கட்சி சின்னக் கட்சி என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கும் கட்சி தன் தலைவர், செயலாளர், பொருளாளர், மற்ற நிர்வாகிகள் பெயர்களைக் கொடுத்தாக வேண்டும். நிர்வாகிகள் மாறினால் தாமதமில்லாமல் தெரிவிக்கவும் வேண்டும். உள்கட்சித் தேர்தல் 5 ஆண்டுக்கு மிகாமல் நடக்கும் என்று சட்டதிட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. உங்களை அழைப்பவர் ஆணையத்திடம் உள்ள பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். பதவிக்குப் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சம்மதிக்கலாமா என்றால், சம்மதியுங்கள். ஆனால் வாய்வார்த்தைக்கு அல்ல, கடிதத்துக்கு. மாவட்டச் செயலாளரிடம் போய், “அண்ணன், தலைமையிலிருந்து லெட்டர் வரட்டும், அதுல உறுப்பினரா அழைப்பாளரான்னு தெளிவா இருக்கட்டும், எவ்வளவு காலத்துக்குன்னும் போடச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கேட்டதற்காக ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அடுத்த உள்கட்சித் தேர்தல் எப்போது, செயற்குழுவுக்கு நிற்க எத்தனை வருஷ உறுப்பினர் அட்டை வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒன்பது வருஷம் வைத்திருக்கிறீர்கள், தகுதி இருக்கத்தான் செய்யும். கடிதம் வந்ததும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். அசலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறுப்பினர் அட்டையும் சட்டதிட்டப் புத்தகமும் ஒரு பேனாவும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் காலையில் எழும்பூர்.